கண்ணியை இரவல் கொடுக்காதீர்கள்

களியக்காவிளை, படந்தாலுமூடு, மேல்புறம், பளுகல், இடைக்கோடு வட்டாரங்களில் பன்றி வளர்க்கும் அண்ணன்மார், அக்காமார், கூட்டில் வேலை பார்க்கும் தம்பிமார் அனைவருக்கும்,



நானும் உங்களில் ஒருவன்தான். கொஞ்சம் ரப்பர் மூடு, இடையில் மரச்சீனி, வீட்டுக்குப் பின்னால் பன்னிக்கூடு என்று பிழைப்பவன். தீவன விலை, குட்டி விலை, கிறிஸ்துமஸ் வியாபாரம் பற்றியெல்லாம் நாம் சந்தையிலும் டீக்கடையிலும் பேசித் தீர்க்கிறோம். பேசாமல் விடுகிற ஒரு சாமான் உண்டு. கூட்டின் மூலையில் ஆணியில் தொங்கும் கம்பிக் கண்ணி. இரண்டு, இரண்டரை அடி நீளத்தில் ஒரு குழாய், அதனுள் ஓடும் முறுக்குக் கம்பி, ஒரு முனையில் வளையம், மறுமுனையில் இழுத்துப் பிடிக்க ஒரு கைப்பிடி. மருந்துக் கடைக்காரர் ‘பிக் கேச்சர்’ என்று எடுத்துத் தருவார். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டவர்களும் நம்மிடையே உண்டு. பாதிப் பேர் வீட்டில் அதுகூடக் கிடையாது. தேவைப்படுகிற அன்று அடுத்த கூட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்வார்கள். இந்த மடலை எழுதவைத்தது அந்த இரவல்தான்.

முதலில் கண்ணியே இல்லாதவர்களிடம் பேசிவிடுகிறேன். ஊசி போட வேண்டும், காயத்துக்கு மருந்து வைக்க வேண்டும் என்றால் நம் வழக்கம் என்ன? நாலு ஆம்பிளைகள் உள்ளே இறங்குவது, காதையும் வாலையும் பற்றி இழுப்பது, மல்லாக்கத் தள்ளிக் காலைக் கட்டுவது, ஒருவர் முட்டியை மேலே ஊன்றி அழுத்துவது. 200 கிலோ தாய்ப்பன்றியிடம் இது நடக்காது. நடந்தாலும் யாருக்காவது கை சுளுக்கும், கடி விழும். சினைப்பன்றியை இப்படி உருட்டினால் குட்டி கலைய வாய்ப்புண்டு. இன்னொன்றும் இருக்கிறது. பன்றிக்கு வேர்த்துச் சூடு தணியாது. உடம்புச் சூட்டைத் தணிக்க மூச்சு இரைக்க வேண்டும், தண்ணீரிலோ சேற்றிலோ புரள வேண்டும். நெஞ்சின்மேல் முட்டியை வைத்துப் பத்து நிமிடம் அழுத்தினால் அந்த மூச்சையும் நாமே அடைக்கிறோம். உச்சி வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், வயிறு நிறையத் தின்ற பன்றியிடம் இதைச் செய்து, ‘ஊசி ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போச்சு’ என்று மருந்தைப் பழிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லாண்ட்ரேஸ், பீட்ரேன் போன்ற சில சீமை இனங்களில் பரம்பரையாக வரும் ஒரு கோளாறும் சேர்ந்தால், வெறும் பயத்திலேயே உடம்பு விறைத்துச் சூடேறிச் சாகும். கலப்பினக் குட்டி வாங்குகிற நமக்கு எந்தக் குட்டியில் அது இருக்கிறதென்று வெளியே தெரியாது.

கழுத்தில் கயிறு போட்டு மாட்டைப் போல் கட்ட முடியாதா என்று புதிதாக வளர்க்க வருகிற பையன்கள் கேட்பார்கள். முடியாது. பன்றியின் கழுத்து தலையளவுக்குப் பருத்தது. சுருக்கு முன்பக்கம் வழுகி வந்துவிடும், இறுக்கினால் மூச்சு முட்டும். அதன் உடம்பில் பிடி கிடைக்கிற ஒரே இடம் மேல்தாடை. கோரைப்பல்லுக்குப் பின்னால் சுருக்கு விழுந்துவிட்டால் நழுவாது. உலகம் முழுக்கக் கால்நடை மருத்துவர்கள் கையாளுவது இதைத்தான். கயிற்றால் செய்தாலும் தத்துவம் ஒன்றே. கம்பியும் குழாயும் வந்ததில் கூடிய நன்மை, நம் கை அதன் வாயருகே போகத் தேவையில்லை என்பது. போட்டதை நொடியில் விடுவிக்கவும் முடியும்.

இனி அதைப் போடுகிற விதம். கைப்பிடித்து ஒருவரும் காட்டித் தராமல் பார்த்துப் பழகிய தொழில் என்பதால், ஆளுக்கொரு விதமாகச் செய்கிறோம்.

வளையத்தை ஒரு சாண் அகலத்துக்கு விரித்துப் பன்றியின் முகத்துக்கு முன் நீட்டுங்கள், துரத்தாதீர்கள். பன்றிக்கு எதையும் வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கிற குணம். மோந்து பார்த்து, கம்பியை வாய்க்குள் வாங்கும். அந்தக் கணத்தில் வளையத்தை உள்ளே தள்ளி மேல்தாடைக்கு ஏற்றி, கோரைப்பல்லுக்குப் பின்னால் விழுந்ததும் கைப்பிடியை இழுங்கள். மூக்குத் துளைக்கு அருகிலேயே நின்றுவிட்டால் மூச்சு அடைக்கும், உதறினால் கழன்றும் விடும். கீழ்த்தாடையும் நாக்கும் சேர்ந்து மாட்டினால் உடனே விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். சரியாக விழுந்தால் பன்றி செய்கிற வேலை ஒன்றே: முன்னங்காலை ஊன்றிப் பின்னால் இழுக்கும். இழுத்தபடி அசையாமல் நிற்கும். நீங்களும் அதே அளவு எதிர்த்து நின்றால் போதும், முறுக்கித் திருப்ப வேண்டாம். ஊசி போடுகிறவர் பக்கவாட்டில் வந்து, காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில் குத்துவார். தொடையில் குத்தாதீர்கள், விலைபோகிற கறியே அங்குதான். கழுத்திலிருந்து ரத்தம் எடுக்க வேண்டியிருந்தால் தலையைச் சற்றுத் தூக்கி நேராகப் பிடிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் எடுப்பார்கள். இடப்பக்கம் நரம்பில் ஊசி பட்டால் ஆபத்து அதிகம்.

அப்போது எழும் சத்தத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான். கூட்டுக்குள் பன்றி அலறுவது 110 டெசிபெலைத் தாண்டுகிறது. தினமும் இதில் நிற்கிற பையன்களுக்கு நாளடைவில் காது மந்தமாகும். காதுக்குப் பஞ்சு போதாது. மரம் அறுக்கிற ஆட்கள் மாட்டுகிற காதுமூடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். கையுறையும் வேண்டும். கையில் வெட்டுக்காயத்தோடு பன்றியின் எச்சிலிலும் ரத்தத்திலும் புழங்கினால் மனிதருக்கு மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்கிற கிருமி உள்ளே போகலாம். வடக்கிலிருந்து வந்து நம் கூடுகளில் வேலை பார்க்கும் பையன்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. சம்பளம் கொடுக்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

கண்ணியைப் போட்டுவிட்டுப் பிறகு சிரிஞ்சைத் தேடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். மருந்து ஏற்றிய சிரிஞ்சு கையில் இருக்கும்போதுதான் வளையம் பன்றியின் முகத்துக்கே போக வேண்டும். வேலை ஓரிரு நிமிடத்தில் முடியும். கால் மணி நேரம் என்பது தாண்டக் கூடாத எல்லை. அவ்வளவு நேரம் தேவைப்படுகிற சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டிய சிகிச்சை அது, டாக்டரைக் கூப்பிடுங்கள். கண்ணியைத் தூணில் கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகவே கூடாது. பிடித்தவர் கை அதில் இருக்க வேண்டும், பன்றி சரிந்தால் அந்த நொடியே தளர்த்த வேண்டும்.

பட்டறையில் செய்துகொண்டவர்கள் கம்பியை ஒருமுறை பாருங்கள். பைக்கின் பிரேக் கம்பி கைக்கு எளிதாகக் கிடைக்கிறது என்று அதையே மாட்டிவிடுகிறார்கள். அது மெல்லிசு, ஈறை அறுக்கும். சுண்டுவிரலில் பாதிப் பருமனாவது உள்ள முறுக்குக் கம்பி வேண்டும், பிளாஸ்டிக் உறை இருந்தால் நல்லது. ஓர் இழை பிரிந்து நின்றாலும் மாற்றிவிடுங்கள். குழாயின் வாய் கூராக இருந்தால் அரம் போட்டு மழுக்குங்கள்.

இவ்வளவு சொல்கிற நான் கண்ணியின் வக்கீல் இல்லை. பன்றியைக் கலக்கமுறச் செய்தால் அதன் ரத்தத்தில் என்ன மாறுகிறது என்று அறிய விரும்பிய ஐரோப்பிய ஆய்வாளர்கள், கலக்கம் உண்டாக்கத் தேர்ந்தெடுத்த முறைகளில் ஒன்று இந்த மூக்குச் சுருக்கு. அந்த அளவுக்கு அதற்குப் பயமும் வலியும் தருகிற சாமான் இது. நினைவும் பன்றிக்கு அதிகம். இரண்டு முறை மாட்டப்பட்ட தாய்ப்பன்றி மூன்றாம் முறை குழாயைக் கண்டதும் மூலையில் போய்த் தலையைப் புதைத்துக்கொள்ளும். ஆகவே எதற்குத் தேவையோ அதற்கு மட்டும் எடுங்கள். 20 கிலோவுக்குக் கீழுள்ள குட்டிக்குக் கண்ணி வேண்டவே வேண்டாம்; பல்லும் தாடையும் தாங்காது. பிறந்து மூன்றாம் நாள் போடும் இரும்புச்சத்து ஊசிக்குக் குட்டியைக் கையில் எடுத்தால் போதும். விரையடிக்கப் பின்னங்கால் இரண்டையும் பிடித்து, முதுகு உங்கள் பக்கம் இருக்க, முழங்கால் இடுக்கில் நிறுத்தினால் முடிந்தது. நடுத்தரப் பன்றியை ஒரு பிளைவுட் பலகையால் சுவர் ஓரம் ஒதுக்கலாம். பார்வைக்குத் திடமாகத் தெரிகிற எதையும் பன்றி சுவர் என்றே எடுத்துக்கொள்ளும். நாலு பேர் தள்ளினாலும் நகராத பன்றி பலகைக்கு முன்னால் ஒழுங்காக நடக்கும். கூட்டை மாற்ற, எடை போட, தழும்பு பார்க்க இந்தப் பலகையே போதும். தடுப்பூசிக்குக்கூடத் தீனித்தொட்டியில் தவிடு தின்கிற நேரத்தில் பலகையால் ஒதுக்கி, கழுத்தில் சட்டென்று குத்திவிடுகிற கைக்காரர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள். அது கைவேலை, பழகினால் வரும்.

1980-களில் அமெரிக்காவின் கொலராடோவில் பனபின்டோ என்ற ஆய்வாளர் சின்ன வகைப் பன்றிகளுக்கு ஒரு தொட்டில் செய்தார். கெட்டித் துணியில் நாலு கால்களுக்கு நாலு ஓட்டை, இரண்டு பக்கமும் சட்டம். காலைத் தொங்கவிட்டுப் படுத்தால் பன்றி அலறாமல் இருக்கும், ரத்தம் எடுக்கும்போது தூங்கிக்கூடப் போகும். ஆராய்ச்சிக் கூடங்கள் இன்றும் அதைக் கையாளுகின்றன. சாக்கும் கமுகு வாரியும் கிடைக்கிற ஊரில் 30, 40 கிலோ பன்றிக்கு இப்படி ஒன்று கட்டிப் பார்ப்பது பெரிய காரியமா? தையல்காரருக்கு ஒரு மத்தியான வேலை.

இனி இரவல் விஷயம்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தலைகாட்டியபோது நமக்கு அது பத்திரிகைச் செய்தி. 2022 ஜூலையில் வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் உறுதியானபோது அது நம் சோற்றில் கைவைத்தது. நோய் கண்ட பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகளைக் கொன்று புதைக்க வேண்டும், பத்துக் கிலோமீட்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் செயல்திட்டம். கேரளம் வெளியிலிருந்து பன்றியும் பன்றியிறைச்சியும் வரத் தடை போட்டது. நம் பன்றி விற்பதே எல்லைக்கு அந்தப் பக்கம்தான். களியக்காவிளையில் நின்று பார்த்தால் அந்தத் தடை எப்படிப்பட்ட அடி என்பது வேறு யாரையும்விட நமக்குப் புரியும். 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் அதே நோய் உறுதியானது. வயநாடும் முதுமலையும் ஒரே காடு. அங்கிருந்து நம் ஊர் தூரம்தான், ஆனால் பன்றி ஏற்றுகிற வண்டிக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நம் நாட்டில் தடுப்பூசியும் புழக்கத்தில் இல்லை. வருஷந்தோறும் போடுகிற பன்றிக்காய்ச்சல் ஊசி வேறு நோய்க்கானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘நான் ஊசி போட்டுவிட்டேன்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வந்துவிட்டால் பெரும்பாலும் கூடு மொத்தமும் காலி. மனிதருக்கு இது தொற்றாது, அந்த மட்டும் ஆறுதல்.

இது எப்படிப் பரவுகிறது என்று கேட்டால் எல்லோரும் ஓட்டல் எச்சில் என்பார்கள். சரிதான், அதைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் இந்தக் கிருமி அதிகம் இருப்பது ரத்தத்தில். எச்சிலிலும் உண்டு. கண்ணி எங்கே போகிறது? வாய்க்குள். ஈறைக் கிழிக்கிறது, எச்சிலில் ஊறுகிறது, முறுக்குக் கம்பியின் இழைகளுக்கு இடையிலும் குழாய்க்குள்ளும் ரத்தம் காய்ந்து கிடக்கிறது. எந்தப் பன்றிக்குக் கண்ணி போடுகிறோம்? பெரும்பாலும் சீக்கான பன்றிக்கு. சீக்குப் பன்றியின் வாயில் கிடந்த கம்பியை மாலையில் கழுவாமல் அடுத்த கூட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகிறோம். அவர் அதைத் தன் நல்ல பன்றியின் வாயில் போடுகிறார். நோயைக் கொண்டுசெல்ல இதைவிடக் கச்சிதமான வழியைத் திட்டமிட்டுக்கூடச் செய்ய முடியாது. சிரிஞ்சு ஊசியை மாற்றுகிறவர்கூடக் கண்ணியை மாற்றுவதில்லை.

ஊசி போட வருகிறவர் தன் கண்ணியைக் கொண்டுவருவார் என்று காத்திருப்பதும் இதே கதைதான். அவர் காலையில் எந்தக் கூட்டிலிருந்து வருகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. ‘சார், எங்க கண்ணி இருக்கு, அதை எடுத்துக்கிடுங்க’ என்று சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம். விவரமானவர் சந்தோஷப்படுவார். 2019-ல் தொடங்கிய தேசிய கோமாரித் தடுப்பூசித் திட்டத்தில் பன்றியும் சேர்ந்திருக்கிறது. ஊசிக் குழு ஒரே நாளில் பல கூடு ஏறி இறங்கும் என்பதால் அந்த நாளில் இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம்.

சுத்தம் செய்வது எளிது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றுகிற மருந்து அழுக்கோடு போய்விடும். இந்தக் கிருமி 60 டிகிரிச் சூட்டில் 20 நிமிடத்தில் செயலிழந்துவிடும். எச்சில் தீனி கொதிக்கவைக்கிற அடுப்பு நம் எல்லார் கூட்டிலும் இருக்கிறது. தனியாக ஒரு தகர டின்னில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கண்ணியை அரை மணி நேரம் போட்டால் வேலை முடிந்தது. பிளாஸ்டிக் பிடி உள்ளதானால் பிளீச்சிங் கரைசலில் அரை மணி நேரம் ஊறவிட்டு, குழாய்க்குள்ளும் ஊற்றி அலசி, வெயிலில் தொங்கவிடுங்கள். பிளீச்சிங்கில் கிடந்த கம்பி துருப்பிடிக்கும், எண்ணெய் தடவி வையுங்கள்.

ஒரு பன்றிக்குக் கடும் காய்ச்சல், காதும் வயிற்றுத் தோலும் சிவந்து நீலம் பாரிக்கிறது, தீனி எடுக்கவில்லை, பக்கத்துப் பன்றி திடீரென்று சாகிறது என்றால் அன்றைக்குக் கண்ணியைத் தொடவே தொடாதீர்கள். நீங்களே ஊசி போட்டுப் பார்க்க வேண்டாம். ஊசித் துளையிலிருந்து கசியும் ரத்தம் கூடு முழுக்கப் பரவும். அவசரமாக ஏற்றி விற்கவும் கூடாது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி சொல்ல வேண்டியது வளர்ப்பவரின் கடமை. மறைத்தால் நட்டம் உங்களோடு நிற்காது.

கால்நடைத் துறையாரிடமும் கூட்டுறவுச் சங்கத்தாரிடமும் ஒரு வார்த்தை. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக ஸ்பென்சர் ஹாட்ச் கிராம மறுமலர்ச்சி வேலை தொடங்கினார். தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் ஊர் ஊராகச் செய்து காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள், முட்டையைச் சங்கமாகச் சேர்ந்து விற்கப் பழக்கினார்கள். மார்த்தாண்டம் தேன் என்றால் இன்றும் வெளியூரில் மதிப்பு இருப்பதற்கு அடி அங்கேதான் விழுந்தது. தேனுக்கும் முட்டைக்கும் நடந்த செய்முறை விளக்கம் பன்னிக்கூட்டுக்கு ஏன் நடக்கவில்லை? பன்றி வளர்ப்பு என்றால் மூக்கைச் சுளிக்கிற புத்தி அதிகாரிகளிடம் மட்டுமில்லை, ஊரிலும் உண்டு. கறி மட்டும் எல்லார் வீட்டுச் சட்டியிலும் வேகிறது. பண்ணை வைக்க லட்சக்கணக்கில் மானியம் தருகிற திட்டங்களில், கண்ணி பிடிக்கவும் பலகை பிடிக்கவும் அரை நாள் பயிற்சியையும் கட்டாயமாக்குங்கள். பயிற்சிக்கு வருகிறவர் கையில் ஒரு கண்ணியைக் கொடுத்தனுப்புங்கள். ஒரு குட்டியின் விலையில் சின்னப் பங்குதான் அதற்குச் செலவாகும்.

அண்ணன்மாரே, அக்காமாரே, ஊருக்குள் மண்வெட்டி, ஏணி, வெட்டோத்தி எல்லாம் இரவல் கொடுத்து வாங்கித்தான் வாழ்கிறோம், அது நடக்கட்டும். கண்ணியை மட்டும் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கூட்டுக்கு ஒன்று வாங்குங்கள், குழாயில் பெயின்டால் வீட்டுப் பெயரை எழுதுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பன்றி ஏற்றுகிற காலம் வருவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் பன்றி வளர்க்கும் ஒருவன்
களியக்காவிளை